கழற்றி மாட்டும் மேடை

பிப்ரவரி 9

அன்புள்ள ஸ்கேலுக்கு,

மச்சான் என்று ஆரம்பித்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். ஒரு தாள் வீணானதுதான் மிச்சம். உன் தங்கச்சி இங்கிருந்து கிளம்பி உன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. இந்த நிலைமையில் நீ எனக்கு மச்சானா, பாதி மச்சானா, யாரோவா என்று யாரைக் கேட்பது? அதனால் படிக்கிற காலத்தில் கூப்பிட்ட பெயரிலேயே கூப்பிடுகிறேன். அளக்காமல் எதையும் நம்பாத நீ ஸ்கேல், நான் அவசரக்குடுக்கை. அதிலாவது மாற்றம் இல்லை.

போனில் பேசலாமே என்பாய். போன வாரம் பேசினோமே, அதற்குப் பெயர் பேச்சா? நீ "ம்" என்றாய், நான் "ம்" என்றேன், பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, இரண்டு பேரும் வைத்துவிட்டோம். உன் வீட்டுச் சுவரைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் நூறு என்பார்கள். ஆகவே உன் பட்டறை விலாசத்துக்கு எழுதுகிறேன். நீயும் என் மோட்டார் கடை விலாசத்துக்கே எழுது.

விஷயம் இதுதான். நம் படகுக்கு முன்பக்கம் ஒரு மேடை போடப் போகிறேன். நின்றுகொண்டு தூண்டில் வீசுவதற்கு. போன லீவில் வந்தபோது முன் பெஞ்சில் ஏறி நின்று வீசினாயே, தூண்டில் ஒரு பக்கம் போக நீ ஒரு பக்கம் போனாய். அந்த மாதிரி ஆகாமல் தட்டையாக, அகலமாக, காலை ஊன்றி நிற்கும்படி வேண்டும். ஆனால் கழற்றி மாட்டும்படியாகவும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் படகைக் கவிழ்த்துப் போட வேண்டுமே. உங்கள் பட்டறையில் சமையலறை அலமாரிக்கு வெட்டுகிற தண்ணீர் தாங்கும் பிளைவுட் துண்டு கிடைக்குமா? இங்கே இருக்கும் தச்சரிடம் போனேன். "படகுல மேடையா? யாருக்குங்க மைக்கு?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

அவளுடன் வேலை பார்த்த நர்சுகள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் "சிஸ்டர் எப்ப வர்றாங்க?" என்கிறார்கள். "வந்துடுவாங்க" என்கிறேன். யார் சொன்னது என்று அவர்கள் கேட்பதில்லை.

உன் வீட்டில் மேற்குப் பக்க அறையில் இன்னும் சாயங்கால வெயில் அடிக்கிறதா? அதில் யார் படுக்கிறார்கள்? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு, எப்படிக்கு என்று தெரியாத,
குடுக்கை


பிப்ரவரி 20

குடுக்கைக்கு,

கடிதம் வந்தது. பட்டறைக்கு எனக்கென்று இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. மேனேஜர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பொண்ணு பார்க்கிறார்களா என்று கேட்டார். இந்த வயதிலா என்றேன்.

பிளைவுட் இருக்கிறது. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், கழிவுத் துண்டுதான், எடுத்துக்கொள் என்றார். ஆனால் நீ எழுதியிருப்பதை வைத்து நான் ஒரு முக்காலி கூடச் செய்ய முடியாது. மேடை எதன்மேல் உட்காரும்? முன் பெஞ்சின் மேலா, பக்கச் சுவரில் சட்டம் அடித்து அதன் மேலா? எதால் பிடிக்கும்? ஸ்பேனர் தேடுகிற போல்ட்டு வேண்டாம், ஸ்பேனரை நீ ஆற்றில் போடுவாய். கையாலேயே திருகிக் கழற்றுகிற நட்டு போடலாம். படகின் வளைவு எனக்குத் தெரிய வேண்டும். டேப்பைப் பிடித்து நம்பர் எழுதி அனுப்பாதே. பெரிய அட்டையை முன்பக்கத்தில் வைத்து, படகின் உள் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு, வெட்டி, அந்த அட்டையையே அனுப்பு. அதைப் பார்த்து நான் பலகையை வெட்டுகிறேன்.

மேற்கு அறையில் அவள்தான் படுக்கிறாள். வெயில் அடிக்கிறது. சும்மா கேட்டதற்குச் சும்மா பதில்.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள். "கொஞ்ச நாள் இருக்கேண்ணா" என்றாள். இரு என்றேன். அண்ணனாக லட்சணமாக என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் உன்னைத் திட்ட வேண்டி வருமோ என்று பயந்து கேட்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு இதெல்லாம் எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. உன்னைத் திட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், திட்டு வரவில்லை. பிளைவுட் கணக்குதான் வருகிறது.

உங்களுக்குள் சண்டையா? அதை மட்டும் எழுது.

ஸ்கேல்


மார்ச் 2

அன்புள்ள ஸ்கேலுக்கு,

சண்டை இல்லை. அதுதான் என் தலைவலியே. சண்டை என்றால் யார் மேல் தப்பு என்று யோசிக்கவாவது ஒரு வேலை இருக்கும். அவள் கிளம்பிய அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். பையைக் கட்டிவைத்துவிட்டு "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். சரி, குடையை எடுத்துக்கொள் என்றேன். எனக்கு அலுப்பாக இருந்தால் படகை எடுத்துக்கொண்டு போவேன், அலுப்பு தீர்ந்தால் திரும்பி வருவேன். அவளுக்கும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்கக் கூடத் தோன்றவில்லை. பிள்ளைகள் இருந்தால் அதுகளைச் சாக்கு வைத்தாவது ஏதாவது பேசியிருப்போம்.

அட்டை இத்தோடு பார்சலில் வருகிறது. தண்ணீர் மோட்டார் வந்த பெட்டிகளைப் பிரித்துச் செய்தேன். தெருவில் விரித்து வைத்திருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை அதன்மேல் ஏற்றிவிட்டு, "கவனிக்கலை சார்" என்றார். டயர் தடம் இருக்கும், அதையும் சேர்த்து வெட்டிவிடாதே. வலது பக்கத்தை மட்டும் ஒழுங்காகக் கோடு போட்டு எடுத்தேன். இடது பக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டு வெட்டி, நடுவில் பழுப்பு டேப்பால் ஒட்டிவிட்டேன். படகுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

பக்கத்துக்கு ஒரு மரச்சட்டம் நான் இங்கேயே அடித்துவிடுகிறேன். மேடை அதன்மேல் உட்காரும். பின் ஓரம் பெஞ்சின் மேல் படியும். நாலு மூலையிலும் நீ சொன்ன கைத்திருகு. வழுக்காமல் இருக்க பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது மணல் தூவிவிடுவேன்.

பகல் முழுவதும் கடையில் மோட்டார் சுற்றும் சத்தம். வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் இல்லை. படகு வேலை இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

அங்கே கொசு அதிகமா? வலை இருக்கிறதா? அவளுக்குக் கொசு கடித்தால் தடித்துவிடும். உனக்கும்தான்.

குடுக்கை


மார்ச் 21

குடுக்கைக்கு,

மேடை லாரி பார்சலில் கிளம்பிவிட்டது. சாக்கு சுற்றி, உன் அட்டையையும் அதோடு வைத்துக் கட்டியிருக்கிறேன். பலகையின் ஓரத்தை இழைத்து வழவழவென்று ஆக்கியிருக்கிறேன், நாலு மூலையிலும் ஓட்டை போட்டாயிற்று. தூக்கிக் கழற்ற வசதியாக நடுவில் கை நுழையும்படி இரண்டு நீள ஓட்டை. அந்த யோசனை என்னுடையது, மறந்துவிடாதே.

ஒரு சிக்கல் நடந்தது. பட்டறையில் அட்டையை விரிக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்து வைத்திருந்தேன். கடைக்குப் போய் பென்சில் வாங்கி வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். நான் திரும்பியபோது அட்டையைச் சுற்றி நடந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதென்ன என்று கேட்கவில்லை. யாருடையது என்றும் கேட்கவில்லை. படகின் மூக்கை அவளுக்குத் தெரியாதா? நாம் எழுதிக்கொள்வது இனி ரகசியம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவளும் ஒன்றும் சொல்லாததால், ரகசியமாக இருக்கிறதா இல்லையா என்றும் சொல்ல முடியவில்லை. நாங்கள் சாப்பிடும்போது தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம்.

உன்னைப் பாராட்டவும் வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்று என்று கடிதத்தில் அடித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் உனக்கே சந்தேகம் வந்து இடது ஓரத்தில் ஒரு அட்டைப் பட்டை ஒட்டியிருந்தாய். நீ ஒரு வேலையை இரண்டாம் தடவை சரிபார்த்தது இதுதான் முதல் தடவை. டேப் தீர்ந்துபோய் விரலுக்குப் போடும் பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிவிட்டாய் போலிருக்கிறது. பார்த்துச் சிரித்தேன். அந்தப் பட்டையையும் சேர்த்தே வெட்டியிருக்கிறேன்.

இங்கே பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் போய் மதியம் வருகிறாள். இது கொஞ்ச நாள் வேலையா, நிரந்தரமா என்று நான் கேட்கவில்லை. நாம் எல்லோருமே கேட்காத சாதியாக இருக்கிறோம்.

கொசுவலை இருக்கிறது.

ஸ்கேல்


ஏப்ரல் 1

அன்புள்ள மச்சானுக்கு,

ஆமாம், மச்சான் என்றே எழுதிவிட்டேன். ஏன் என்று படித்தால் தெரியும். தேதியைப் பார்த்துவிட்டு விளையாட்டு என்று நினைக்காதே.

மேடை வந்தது. சட்டத்தின் மேல் வைத்தேன். டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. தட்டவில்லை, ராவவில்லை, திட்டவில்லை. நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் எனக்கு வியர்த்தது. படகின் இடது பக்கம் வலது பக்கம் மாதிரி கிடையாது.

உனக்குத் தெரியாது. நீ வேலைக்கு அந்த ஊருக்குப் போன பிறகு நடந்தது. நானும் அவளும் படகில் போய்ப் பாலத்துத் தூணில் இடித்துவிட்டோம். இடது பக்கம் குழிந்து விரிசல் விட்டது. வீட்டு முற்றத்தில் வைத்து, உள்ளேயிருந்து கார் ஜாக்கி கொடுத்துக் குழியை வெளியே தள்ளி, ஒட்டு போட்டோம். அவள் வெளியே நின்று கையை வைத்துப் பார்த்து "போதும் போதும்" என்றாள். நான் இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். அதனால் அந்தப் பக்கம் இரண்டு விரல் வெளியே தள்ளிவிட்டது. பெயிண்ட் அடித்ததும் நான் அதை மறந்தே போனேன்.

அந்தப் பட்டையை ஒட்டியது நான் இல்லை. சாக்கைப் பிரித்து அட்டையைப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்திரி, ஆஸ்பத்திரியில் ரோலாக வருமே அது. ஓரம் பல்லால் பிய்த்திருக்கிறது. கத்தரி கையில் இருந்தாலும் பல்லால்தான் பிய்ப்பாள். நீ பென்சில் வாங்கப் போன நேரத்தில் ஒட்டியிருக்கிறாள்.

மச்சான், இதற்கு மேல் என்ன வேண்டும்? கோபமாக இருப்பவள், வேண்டாம் என்று போனவள், குனிந்து உட்கார்ந்து படகின் வளைவை நினைவு வைத்து ஒட்டுவாளா? சமையலறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன், அதைப் பற்றி எத்தனை வருஷம் புலம்பினாள். நீ ஒரே ஒரு உதவி செய். எப்போது வருகிறாள் என்று பக்குவமாகக் கேள். நான் பஸ்ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

உன் அன்பு மச்சான்,
குடுக்கை


ஏப்ரல் 12

குடுக்கைக்கு,

கேட்டேன். உன்னை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

காலையில் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அட்டையில பட்டை ஒட்டுனது நீயா?"

"ஆமா."

"ஏன்?"

"அளவு தப்பா இருந்துச்சு. ஒட்டுனேன்."

"அவ்ளோதானா?"

"வேற என்னண்ணா? தப்பான அட்டைய வச்சு நல்ல பலகைய வெட்டிடுவியேன்னுதான். அப்புறம் அது உக்காரலைன்னு அவரு பொழுதன்னிக்கும் ராவிக்கிட்டு இருப்பாரு."

"நீ திரும்பி வரப்போறேன்னு அவன் நினைச்சுக்கிட்டு இருக்கான். சமையலறைக்கெல்லாம் வெள்ளை அடிச்சுட்டானாம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பாத்தியா. ஒரு பட்டை ஒட்டுனேன். அவரே எனக்கும் சேத்து முடிவு பண்ணிட்டாரு. ஜாக்கி சுத்தும்போதும் போதும்னு சொன்னேன், கேட்டாரா? அவருக்கு எப்படியோ எனக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்குவாரு. நல்ல மனுஷன்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த வீட்ல நான் என்ன நினைக்கிறேன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேண்ணா. எனக்கு அலுத்துப் போச்சு. நான் போகலை."

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக எழுதிக் கொடுத்தால் போதுமாம், ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்கிற விதிக்கு வக்கீல் வழி பார்க்கிறாராம். அங்கே உங்கள் ஊர்க் கோர்ட்டில்தான். "நீ என்கூட வருவியாண்ணா?" என்றாள். வருவேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல்.

இதை எழுத எனக்கு நாலைந்து நாள் பிடித்தது. உன்மேல் பரிதாபமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். வெயில் அறை, கொசு, வலை, எல்லாம் அவள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. என்னைத் தபால்காரனாக வைத்திருந்தாய். மேடை எனக்காக என்றாய், அது எனக்காகத்தானா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது.

ஸ்கேல்


ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கையோடு தாங்கள் கோர்ட்டுக்கு வருவதை அறிந்தேன். மகிழ்ச்சி. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

மேடையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். கழற்றுவது சுலபமாகத்தான் இருக்கிறது, தங்கள் வேலை அருமை. வரும்போது எடுத்துக்கொள்ளலாம். படகை நாம் சேர்ந்து வாங்கியதால் அதையும் நடுவில் அறுத்துத் தருகிறேன். எந்தப் பாதி வேண்டும் என்று மட்டும் எழுதவும். இரண்டு பாதியும் ஒன்றல்ல என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தபால்காரர் வேலையிலிருந்து தங்களுக்கு விடுதலை. இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மோட்டார் ரிப்பேர் கடைக்காரர்


மே 8

குடுக்கைக்கு,

ஐயாவாம், தாங்களாம். இதைப் படித்துவிட்டு உன்னை நாலு அறை அறையலாம் போல் இருந்தது. பஸ் டிக்கெட் கிடைத்திருந்தால் வந்து அறைந்திருப்பேன். படகில் ரம்பம் வைத்தால் தெரியும் சேதி.

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உனக்கு ஒன்று ஞாபகம் இல்லை. அவள் அண்ணன் என்பதால் நான் உனக்குச் சிநேகிதன் ஆகவில்லை. நீ என் சிநேகிதன் என்பதால்தான் அவளையே உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து வந்து, என் அம்மா கையால் சாப்பிட்டுச் சாப்பிட்டு, கடைசியில் பெண்ணையும் கேட்டாய். கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே அவரை வாடா போடான்னு கூப்பிடாத" என்றாள். அன்றைக்கு நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் என்று உனக்குத் தெரியுமா? வீட்டில் நீங்க, படகில் ஏறிக் கரை மறைந்ததும் நீ. அப்படித்தானே இத்தனை வருஷம் ஓட்டினோம். மச்சான் என்பதைக் கோர்ட் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் இருந்ததை யாரும் எடுக்க முடியாது. உனக்கு அப்படி இல்லையென்றால் எழுது, நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே எனக்கு யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டை அறுக்கும் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், உட்கார்ந்தால் எதிரில் ஆள் இல்லாதது தெரிகிறது. வருஷத்தில் ஒரு வாரம் லீவு. மீதி நாளெல்லாம் அந்த ஒரு வாரத்தையும் அந்தப் படகையும் நினைத்துத்தான் ஓடுகிறது. அவள் வந்ததிலிருந்து வீட்டில் விளக்கு எரிகிறது, சந்தோஷம்தான். அதற்காக உன்னை விட முடியுமா? அவளையும் விட முடியாது. இரண்டு கையிலும் ஒவ்வொருவர் தொங்குகிறீர்கள்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் மனுக் கொடுக்க ஜூன் 19 என்று வக்கீல் தேதி சொல்லியிருக்கிறார்.

போன லீவில் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாயே, அந்தக் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? கடையில் வேலை வருகிறதா? ராத்திரி சமைக்கிறாயா, பன்னைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயா? இது நான் கேட்பது. யாரும் கேட்கச் சொல்லவில்லை.

ஸ்கேல்


மே 22

குடுக்கைக்கு,

பதில் இல்லை. தபால் தொலைந்ததா, நீ தொலைந்தாயா என்று தெரியவில்லை. மேனேஜரே "உன் ஆளுகிட்டருந்து ஒண்ணும் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பல் என்ன ஆயிற்று என்றாவது எழுது. என் வீட்டு விலாசத்துக்கே எழுது. ஒளித்து எழுத ஒன்றும் இல்லை.

ஸ்கேல்


ஜூன் 2

டேய் ஸ்கேல்,

பல்லைப் பிடுங்கிவிட்டேன். கன்னம் இப்போதுதான் வடிந்தது. கடையில் வேலை இருக்கிறது. ராத்திரி பன்தான்.

எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அவளை, ஒன்றில் அந்தத் தச்சரைக் கூடத் திட்டியிருந்தேன். எதுவும் அனுப்பும்படி இல்லை. உன் பட்டறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறாய் என்று படித்துவிட்டு அன்றைக்கு பன்னைக் கூட அப்படியே வைத்துவிட்டேன். நீ கேட்டது நியாயம். நான் உன்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நீ எனக்கு எப்போதும் இருக்கிறவன்தானே என்று விட்டுவிட்டேன். அவளையும் அப்படித்தான் விட்டேன் போலிருக்கிறது. அவளைக் கேட்க நினைத்தால் இப்போது கேட்க ஆள் இல்லை. அவள் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இதை பிளைவுட்டில் சுற்றாமல் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

போன வாரம் கோபம் கொஞ்சம் இறங்கியது. மேடையை எடுத்து மாட்டிக்கொண்டு தனியாக ஆற்றில் இறங்கினேன். ஏறி நின்றேன். படகின் மூக்கு கப்பென்று தண்ணீருக்குள் போக, பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. தவழ்ந்து பின்னால் வந்து சேர்ந்தேன், முழங்கால் சிராய்த்துவிட்டது. மறுநாள் பின்னால் இரண்டு மணல் மூட்டை வைத்துக்கொண்டு போனேன். படகு நேராக நின்றது. நான் நின்றேன். தூண்டிலை வீச வேண்டும் என்றே தோன்றவில்லை, சும்மா நின்றுவிட்டு வந்தேன். மேடை யாருக்காக என்று கேட்டிருந்தாய். ஆரம்பிக்கும்போது எனக்கே தெரியாது. நீ நிற்க என்று எழுதினேன், அவள் வந்து நின்றாலும் நிற்கட்டும் என்று உள்ளே வைத்திருந்தேன். அதுதான் உண்மை.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவள் போதும் என்று சொல்லிவிட்டாள். இந்தத் தடவை நிறுத்திக்கொள்கிறேன்.

19-ம் தேதி நீ அவள் பக்கத்தில் நில். அதுதான் சரி. என்னைப் பார்த்து அங்கே தலையாட்ட வேண்டாம், அவளுக்குச் சங்கடமாக இருக்கும். நான் எதிர்ப் பக்கம் இருந்துகொள்கிறேன். எல்லாம் முடிந்து சாயங்காலம் அவளை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு நீ ஆற்றுக்கு வா. மணல் மூட்டையை இறக்கிவிட்டுப் படகைத் தண்ணீரில் விட்டுக் காத்திருக்கிறேன். உன்னால் வர முடியாவிட்டால் புரிந்துகொள்வேன் என்று எழுதினேன். அதை அடித்திருக்கிறேன், மேலே பார். புரிந்துகொள்ள மாட்டேன். வா.

குடுக்கை


ஜூன் 10

டேய் குடுக்கை,

உன் கடிதத்தை முதல் தடவையாக வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். அவள் எதிரில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் கையெழுத்தை அவளுக்குத் தெரியும்.

பல் பிடுங்கியதைச் சொன்னேன். "அப்பவே சொன்னேன்" என்றாள். கையெழுத்துப் போடுகிறாய் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். கையிலிருந்த துவாலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கலங்கியிருந்தாலும் அது உனக்காகவா, அவளுக்காகவா, முடிந்துபோன எதற்காகவோ என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் முடிவு பண்ணாதே.

மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் வந்தால் உன்னிடம் ஒளிந்து வருகிற மாதிரி. சொன்னால் அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டு உன்னிடம் ஓடுகிற மாதிரி. எப்படிப் பார்த்தாலும் யாருக்கோ துரோகமாகத் தெரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"கோர்ட் முடிஞ்சதும் உன்னை பஸ் ஏத்திவிட்டுட்டு, சாயங்காலம் அவனைப் பாக்கப் போகட்டுமா? ஆத்துக்குக் கூப்பிடுறான்."

அவள் மடித்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போய்விட்டாள். சரி, கேட்டிருக்கக் கூடாது என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னை நீ பஸ் ஏத்த வேண்டாம். முடிஞ்சதும் நீ நேரா அவர்கிட்ட போ. எனக்கு வழி தெரியும்ணா."

வருகிறேன்.

ஸ்கேல்